வாணி ஜெயராம் கேசட்: ஏ பக்கம் ஏறிவிட்டது

ஒரு வழியாக ஏ பக்கம் முழுவதும் கணினியில் ஏறிவிட்டது, அதுவும் நான் ஆசைப்பட்ட மாதிரியே. "ஏழு ஸ்வரங்களுக்குள்" என்று வாணியம்மா எடுக்கும்போது வருகிற அந்த "ஸ்" இப்போது அவர் நாக்கு நுனியில் இருந்து நேராகக் காதில் வந்து விழுகிறது. இதுவரை இந்தக் கேசட்டில் அது துணி போட்டு மூடினாற்போல் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த ஒரு எழுத்துக்காகத்தான் இத்தனை பாடுபட்டேன்.

கேசட் காட்பாடிப் பெரியம்மாவுடையது. வேலூரில் ரெக்கார்டிங் சென்டர்கள் கொடிகட்டிப் பறந்த 80களில், பாட்டு லிஸ்ட்டைத் தாளில் எழுதிக் கொடுத்து 90 நிமிடக் கேசட்டில் பதிந்து வாங்கியது. முழுக்க வாணியம்மா தனியாகப் பாடியவை, ஜோடிப் பாட்டே கிடையாது. "மல்லிகை என் மன்னன் மயங்கும்", "நானே நானா", "என்னுள்ளில் எங்கோ", "மேகமே மேகமே" என்று உள்ளட்டையில் வரிசையாக எழுதி, மேலே "நம்ம ஊர் வாணி" என்று அடிக்கோடு போட்டிருக்கிறார் பெரியம்மா. அதில் தப்பே இல்லை, 1945 நவம்பர் 30 அன்று கலைவாணியாகப் பிறந்தது இதே வேலூரில்தான். 2023 ஜனவரியில் பத்ம பூஷண் அறிவித்தார்கள், பிப்ரவரி 4 அன்று நுங்கம்பாக்கம் வீட்டில் காலமாகிவிட்டார். அந்த விருதைக் கையில் வாங்கக்கூட அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை என்பது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. அந்த வாரம்தான் பெரியம்மா கேசட்டைப் பரணில் இருந்து இறக்கி, "டேய், இது கெட்டுப்போறதுக்குள்ள எப்படியாவது காப்பாத்திக் குடுடா" என்றார்.

இன்டர்நெட்டில் இல்லாத பாட்டா என்று கேட்பார்கள். இருக்கிறது. ஆனால் பாதிக்கு மேல் இரைச்சலை எடுக்கிறேன் பேர்வழி என்று குரலின் மேல்பாதியையும் சேர்த்து வழித்து எடுத்துவிட்டு ஏற்றியவை. வாணியம்மா குரலுக்கு அதைச் செய்யவே கூடாது. அவருடைய பலமே எழுத்து எழுத்தாகத் தெறிக்கிற உச்சரிப்பு. கர்நாடக சங்கீதத்தில் வளர்ந்து, பம்பாய் போய் உஸ்தாத் அப்துல் ரஹ்மான் கானிடம் இந்துஸ்தானியும் படித்தவர். வாங்கிய மூன்று தேசிய விருதில் இரண்டு தெலுங்குப் பாட்டுக்கு என்றால் எந்த மொழியானாலும் சொல் எவ்வளவு சுத்தமாக இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதில் "ஸ்" மாதிரி எழுத்துகளின் கூர்மை பெரும்பாலும் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் உட்கார்ந்திருக்கிறது. அங்கே கை வைத்தால் சுருதி இருக்கும், வாணி இருக்கமாட்டார்.

கேசட் ஓட்டும் டெக்கில் பெல்ட் மாற்றியது, டேப்பில் இருக்கும் ஒலியைப் படிக்கிற ஹெட்டையும் டேப்பை இழுத்து ஓட்டுகிற பிஞ்ச் ரோலரையும் துடைத்தது எல்லாம் வழக்கம்தான், விடுங்கள். டேப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பேட் வேலூர் வெயிலில் பசை காய்ந்து கழன்று உள்ளேயே உருண்டுகொண்டிருந்தது. ஐந்து ஸ்க்ரூ போட்ட கூடு என்பதால் திறப்பது சுலபம். ஓடாத பழைய பக்திப் பாட்டுக் கேசட் ஒன்றில் இருந்து பேடை அதன் பித்தளை ஸ்பிரிங்கோடு எடுத்து இதில் மாற்றிவிட்டேன்.

உயிரை எடுத்தது அஸிமத்தான், அதாவது டேப்புக்கு எதிரே ஹெட் நிற்கும் கோணம். பதிந்த டெக்கின் ஹெட் எந்தக் கோணத்தில் நின்றதோ அதே கோணத்தில் நம் ஹெட்டும் நிற்க வேண்டும். கேசட் ஓடுவது நொடிக்கு 4.76 சென்டிமீட்டர். அந்த வேகத்தில் 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை டேப்பில் பிடிக்கும் இடம் 5 மைக்ரான்கூடக் கிடையாது. ஹெட் மயிரிழை சாய்ந்தால் போதும், "ஸ்" செத்துவிடும். ரெக்கார்டிங் சென்டர் டெக் காலையில் இருந்து ராத்திரி வரை ஓடித் தேய்ந்ததாக இருந்திருக்கும், அதன் கோணம் அதற்குத்தான் தெரியும்.

நம்ம பக்கத்தில் டேப் ரெக்கார்டர் பார்க்கிற பாய் ஒருவரிடம் கேட்டேன். "தம்பி, ஹெட் ஸ்க்ரூ மேல மட்டும் கை வைக்காதீங்க, அப்புறம் எந்தக் கேசட்டும் ஒழுங்கா பாடாது" என்றார். கடைக்கு வருகிற செட்டுக்கு அவர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் ஒரே ஒரு கேசட்டைப் பதிந்து எடுக்க வேண்டுமென்றால் அந்த ஸ்க்ரூவைத் திருப்பாமல் வழியே இல்லை என்பது என் கட்சி.

ஸ்க்ரூ இருந்த நிலையை முதலில் ஒரு புள்ளி வைத்துக் குறித்துக்கொண்டேன். கேசட் கதவின் மூடியைக் கழற்றினால் ஹெட்டுக்குப் பக்கத்தில் ஸ்பிரிங் போட்ட ஸ்க்ரூ தெரியும், பூட்டியிருக்கும் பெயிண்டைச் சுரண்டிவிட வேண்டும். காந்தம் ஏறாத ஸ்க்ரூ டிரைவர் கட்டாயம். இதில் நமக்கு ஒரு பெரிய உதவி, 70களின் சினிமாப் பாட்டுகள் பெரும்பாலும் மோனோ. ஸ்டீரியோ டெக்கில் பதிந்திருந்தாலும் இடது, வலது இரண்டிலும் இருப்பது ஒரே ஒலி. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கேட்டபடி ஸ்க்ரூவை மெல்லத் திருப்பினால், கோணம் பொருந்துகிற இடத்தில் மேல் ஒலி பளிச்சென்று திறக்கும். அது காது வேலை. அப்புறம் கொஞ்சம் பதிந்து, ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் இரண்டு சேனலின் அளவையும் சமப்படுத்தி, ஒன்றின் அலையைத் தலைகீழாக்கி மற்றதோடு கூட்டினேன். கோணம் சரியாக இருந்தால் பாட்டு காணாமல் போய் வெறும் டேப் இரைச்சல்தான் மிஞ்ச வேண்டும். எனக்குப் பல நாள் வாணியம்மாவின் "ஸ்" மட்டும் தனியாக மிஞ்சி நின்றது! மறுபடி ஸ்க்ரூ, மறுபடி பதிவு. ஒன்று கவனம்: காதால் கேட்காமல் நேராகக் கூட்டல் கழித்தலுக்குப் போனால் ஒரு அலை தள்ளிப் பொய்யாகப் பொருந்துகிற இடத்தில் மாட்டிக்கொள்வோம். முதலில் காது, பிறகுதான் கணக்கு.

கடைசியில் மிச்சத்தில் குரலே இல்லை, உஸ்ஸென்ற சத்தம் மட்டும். தலைகீழாக்கியதை எடுத்துவிட்டு முழுப் பாட்டையும் ஓடவிட்டபோது என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன்.

வேகம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பதிவில் கலந்திருக்கும் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் ரீங்காரத்தை வைத்து வேகத்தைச் சரிபார்க்கச் சொல்வார்கள். அந்தக் காலத்தில் தெற்கில் கரண்ட் 50-க்குக் கீழே இறங்கிக் கிடப்பது சகஜம், அதை நம்பிப் பிரயோஜனம் இல்லை. கம்பெனி வெளியிட்ட டிஜிட்டல் பதிவோடு சுருதியை ஒப்பிட்டு வேகத்தைக் கணினியிலேயே திருத்தினேன், மோட்டாரைத் தொடவில்லை.

சாமான் பற்றிக் கேட்பவர்களுக்கு: பெல்ட்டுக்குச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்தான், பழைய பெல்ட்டைக் கையோடு கொண்டுபோனால் அளவு பிரச்சினை வராது. பழைய டெக், கேசட், உதிரி எல்லாவற்றுக்கும் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை. காட்பாடியில் விடிகாலை ரயில் பிடித்தால் வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிடலாம். அடுத்த முறை இன்னொரு டெக் எடுப்பதாக இருக்கிறேன். ஒன்றை முழுநேரமும் ஸ்க்ரூ திருப்பும் வேலைக்கே ஒதுக்கிவிட்டால் இதன் ஹெட்டை நெயில் பாலிஷ் வைத்துப் பூட்டிவிடலாம். அப்புறம் குடியாத்தத்துச் சித்தப்பாவிடம் ஸ்வர்ணலதா கேசட் ஒரு பை நிறைய இருக்கிறது, அதற்கும் இப்போதே சொல்லிவைத்துவிட்டேன்.

அதற்கு முன்னால் பி பக்கம் இருக்கிறது. அதன் கோணம் வேறு, ஒருவேளை வேறு டெக்கில் பதிந்திருக்கலாம், எல்லாம் முதலில் இருந்து. "மேகமே மேகமே" பாட்டின் நடுவில் டேப் கசங்கி ஒரு இடத்தில் ஒலி விழுந்து எழுகிறது. 90 நிமிட டேப் மெல்லியது, இழுத்து நீவ எனக்கு மனம் வரவில்லை. பேடின் அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டிப் பார்க்கலாமா என்று ஒரு யோசனை இருக்கிறது. கசங்கிய மெல்லிய டேப்பை யாராவது சேதமில்லாமல் ஓட்டியிருந்தால் எப்படிச் செய்தீர்கள் என்று சொல்லுங்கள், அது தெரியும் வரை பி பக்கத்தை ஓட்டுவதாக இல்லை.