பஸ் வராத இடத்தில ஆரை எண்ணுறது

கம்பஸில ட்ரான்ஸ்போட் பக்கம் எடுத்திருக்கிறன் எண்டு ஒரு பிள்ளை வீட்டில சொன்னா உடன வாற கேள்வி, "அப்ப ஆர்டிஏயில, வீதி அபிவிருத்தி அதிகார சபையில, வேலை கிடைக்குமோ?" எண்டதுதான். கேக்கிற அம்மா அப்பாவில ஒரு பிழையும் இல்ல, பொடியன் பெட்டை ஒரு நிரந்தர வேலைக்குப் போகோணும் எண்டதுதானே இஞ்ச எல்லாருக்கும் உள்ள கவலை. நான் கன வருசமா வன்னியில றோட்டு வேலையளோட நிக்கிறன், கன்சல்டன்சி பக்கம். இன்டஸ்ரியல் ட்ரெயினிங்குக்கு வாற சிவில் பிள்ளையளை அனேகமா என்னோடதான் விடுவினம். அவையளோட வெயிலுக்க நிண்டு நிண்டு எனக்கு ஒரு விசயம் உறுதியாப் பட்டிட்டுது. வன்னியில போக்குவரத்துப் படிக்கிறதெண்டா றோட்டுக்கு வராத சனத்தையும் எண்ணத் தெரியோணும், அதுக்கு ஒரு பிள்ளையின்ர பைனல் இயர் புரஜெக்ற் மட்டும் காணாது, வருசா வருசம் விடாம நடக்கிற ஒரு ஏற்பாடு கம்பஸுக்குள்ள இருக்கோணும்.

பரந்தன் சந்தியில இருந்து தொடங்கிறன், ஏனெண்டா வாற பிள்ளையளை முதல்ல அங்கதான் கொண்டுபோய் நிப்பாட்டுறது. யாழ்ப்பாணத்துக்குப் போற ஏ9 றோட்டும் முல்லைத்தீவுக்குப் போற ஏ35 உம் சந்திக்கிற இடம். கையில ஒரு போம், ஒவ்வொரு வாகனத்துக்கும் ஒரு கோடு, அஞ்சாவதை குறுக்கால இழுத்துக் கட்டுறது, கால் மணித்தியாலத்துக்கு ஒருக்கா அடுத்த நிரலுக்கு மாறுறது. போன் கமராவில எடுத்துப்போட்டு ஏசிக்குள்ள இருந்தும் எண்ணலாம்தான், ஆனா முதல் தரம் நிண்டு எண்ணினாத்தான் கண்ணுக்குப் பிடிபடும். போமில மோட்டச்சைக்கிள், ஓட்டோ, கார், வான், மினிபஸ், பெரிய பஸ், லொறி, ரிப்பர் எல்லாத்துக்கும் இடம் இருக்கும். பெட்டி கொழுவின லாண்ட்மாஸ்டர், ரெண்டு சில்லுச் சின்ன உழவு மெசின், ஒண்டு வந்தா எல்லாப் பிள்ளையும் ஒருக்காத் தடுமாறும்.

ஒருமுறை ஒரு பிள்ளை, மலையகப் பக்கத்துப் பிள்ளை, என்னட்ட ஓடி வந்து "சேர், அந்த லாண்ட்மாஸ்டர்ல பின்னுக்குப் பதினொரு பேர் இருந்தாங்க, நான் ஒரு கோடுதானே போட்டேன், அது சரியா?" எண்டு கேட்டவள். கச்சான் பிடுங்கப் போற பொம்பிளையள், தலையில துவாய் கட்டிக்கொண்டு தண்ணிப் போத்தலும் சாப்பாட்டுப் பெட்டியும் மடியில வைச்சபடி பெட்டிக்குள்ள குந்தியிருந்தவை. முறைப்படி அவள் செய்தது சரிதான், வாகனக் கணக்கில ஒரு வாகனம். எல்லா வாகனத்தையும் காருக்குச் சமனாக்கி ஒரு கணக்குப் போடுவம், அந்தக் கணக்கு வாகனங்கள் றோட்டில எவ்வளவு இடத்தைப் பிடிக்குது எண்டதைச் சொல்லும். ஆக்களைப் பற்றி ஒண்டும் சொல்லாது. தனிய ஒராள் ஓடிக்கொண்டு போற ஜீப்பும் பதினொரு பொம்பிளையள் போற லாண்ட்மாஸ்டரும் பேப்பரில ஒவ்வொரு கோடு. அண்டைக்கு முழுக்க அந்தப் பிள்ளை போமின்ர ஓரத்தில ஆக்களின்ர எண்ணிக்கையையும் எழுதிக்கொண்டு நிண்டது, ஒருத்தரும் சொல்லேல்ல, தானா எழுதினது. எனக்கு அந்தப் பேப்பர் இப்பவும் பெறுமதியான ஒண்டு.

பிறகு கணக்குப் போட இருந்தா அடுத்த சிக்கல் வரும். இருவது வருசத்துக்குப் பிறகு இந்த றோட்டில எவ்வளவு வாகனம் ஓடும் எண்டு சொல்ல, பழைய வருசங்களின்ர எண்ணிக்கையை எடுத்து வளர்ச்சி வீதம் கண்டுபிடிக்கிறதுதான் புத்தகத்தில உள்ள வழி. வன்னிக்கு எந்தப் பழைய வருசத்தை எடுக்கிறது? 1956 இல ஓடத் தொடங்கின யாழ்தேவி ரயில் 1990 இல வடக்குக்கு வராம நிண்டது, தண்டவாளமும் சிலிப்பர்கட்டையும் பங்கருக்குப் போனது. ஏ9 2002 இல போர்நிறுத்தத்தோட திறந்து 2006 ஓகஸ்ட்டில திரும்பவும் பூட்டுப்பட்டது. 2009 இல ஒரு முழுச் சனமும் இடம்பெயர்ந்து முகாமுக்க இருந்தது. ரயில் 2013 செப்டெம்பரில கிளிநொச்சிக்கு வந்து 2014 ஒக்ரோபரில யாழ்ப்பாணம் போய்ச் சேந்தது. இதுக்குள்ள எங்க கோடு கீறி வளர்ச்சி எண்டு சொல்லுறது? மீள்குடியேறி வந்து சனம் ஒண்டுமில்லாம நிண்ட ஒரு வருசத்தை அடியா எடுத்தா வளர்ச்சி வானத்துக்குப் போகும், பிந்தின வருசத்தை எடுத்தா ஒண்டும் இல்லாத மாதிரித் தெரியும். வேற ஊரில எழுதின பாடப்புத்தகத்தில இதுக்கு விடை இருக்காது, இஞ்ச இருந்து ஆராவது எழுதினாத்தான் உண்டு.

முறிகண்டியும் இப்பிடித்தான். மாங்குளத்தில இருந்து கிளிநொச்சிக்கு ஓட்ட நேரம் அளக்கப் போனா பிள்ளையார் கோயிலடியில வாகனங்கள் நிக்கும், தேங்காய் உடைச்சு, கச்சான் வாங்கிக்கொண்டுதான் வெளிக்கிடுவினம். தாமதத்துக்குக் காரணம் எழுதுற நிரலில என்ன போடுறது எண்டு பிள்ளையள் கேப்பினம். கோயில் எண்டே எழுதுங்கோ எண்டுதான் சொல்லுவன், அது இந்த றோட்டின்ர உண்மை.

சரி, என்னை மாத்தின விசயத்துக்கு வாறன். ஒட்டுசுட்டானுக்கு உள்பக்கம், மெயின் றோட்டில இருந்து கிறவல் றோட்டால கன தூரம் போகோணும், ஒரு கிராமத்தில வீடு வீடாப் போய்க் கேள்விக்கொத்து நிரப்பினனாங்கள். நேற்று எத்தினை தரம் வெளிய போனியள், என்னத்தில போனியள், எவ்வளவு நேரம் எடுத்தது. ஒரு அம்மா முத்தத்தில உழுந்து காயப்போட்டுக்கொண்டு இருந்தவ. நேற்று எங்கயும் போகேல்ல எண்டா. சரி எண்டு என்னோட வந்த ட்ரெயினிங் பொடியன் பூச்சியம் போட்டிட்டு எழும்பப் போக நான் ஒருக்கா இருந்து கதைச்சன். கிளினிக் இருந்ததாம், பிறசருக்கு. காலமை ஒரு பஸ் இருக்கு, அதில போனா திரும்பி வர பின்னேரம்தான், அது வராட்டி ஓட்டோ பிடிக்கோணும், ஓட்டோக்காரர் கேக்கிற காசுக்கு ஒரு கிழமைச் சாமான் வாங்கலாம். "குளிசை இன்னும் கொஞ்சம் கிடக்குத் தம்பி, பாதி பாதியாப் போடுறன்" எண்டா. உள்ளுக்க இருந்து மேள் எட்டிப் பாத்தவள், ஓஎல் முடிச்ச பிள்ளை. ஏஎல் கணிதம் படிக்க ஆசையாம், அந்தப் பாடம் இருக்கிற பள்ளிக்கூடம் தூரம், ரியூசன் முடிஞ்சு இருட்டுப்பட வாறதுக்கு பஸ் இல்ல, தனிய விடப் பயம். அதால பக்கத்துப் பள்ளிக்கூடத்தில இருக்கிற பாடத்தை எடுத்திட்டாள்.

பொடியனின்ர போமில அந்த வீட்டுக்கு விழுந்த இலக்கம் பூச்சியம். அப்பிடியே கணினிக்குப் போனா அந்த ஊருக்குப் போக்குவரத்துத் தேவை இல்ல எண்டு வரும், தேவை இல்லையெண்டா பஸ் விடமாட்டினம், பஸ் இல்லாட்டி அடுத்த முறையும் பூச்சியம்தான் வரும். அந்தப் பிள்ளையின்ர கணிதமும் அந்த அம்மாவின்ர பாதிக் குளிசையும் ஒரு கணக்கிலயும் வராது. எங்கட போக்குவரத்து ஆராய்ச்சி இந்த இடத்தில இருந்துதான் தொடங்கோணும் எண்டு நான் மனசார நம்புறன்.

ரயில் கடவையள் இன்னொண்டு. கிளிநொச்சி அறிவியல்நகரில யாழ் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்துக்குப் பக்கத்தாலயே ஏ9 உம் ரயில்பாதையும் போகுது, இதைவிட நல்ல லாப் எந்தக் கம்பஸுக்குக் கிடைக்கும்? பிள்ளையளை ஒரு பாதுகாப்பில்லாத கடவைக்குக் கூட்டிக்கொண்டு போய் ரேப்பும் ஸ்டொப்வோச்சும் குடுக்கிறது. மணித்தியாலத்துக்கு 100 கிலோமீற்றரில வாற ரயில் ஒரு செக்கனுக்கு கிட்டத்தட்ட 28 மீற்றர் ஓடும். நிண்டு வெளிக்கிடுற, சுமையேத்தின உழவு மெசின் ஒண்டு தண்டவாளத்தைத் தாண்டி முடிக்க 10 செக்கன் எடுக்குதெண்டு வைச்சா, ஓட்டுறவருக்கு 280 மீற்றருக்காவது ரயில் தெரியோணும். போய் நிண்டு பாத்தா வடலியும் ஈச்சம் பத்தையும் மறைச்சு அதில பாதி தூரம்கூடத் தெரியாத இடங்கள் இருக்கு. இந்தக் கணக்குக்கு ஒரு சொவ்வெயரும் தேவையில்ல. எங்க பத்தை வெட்டோணும், எங்க வேகத்தடை போடோணும், எங்க கேற்தான் கட்டாயம் எண்டு ஒரு பட்டியலாக் குடுத்தா அது உசிர் காப்பாத்திற ஆராய்ச்சி. அந்த மாதிரிக் கடவையளில ஆக்களை இழந்த குடும்பங்கள் எங்களுக்குள்ள இருக்கினம்.

பிறகு பிள்ளையள் இதையெல்லாம் வைச்சு எழுதிற றிப்போட்டுகளுக்கு என்ன நடக்குது? வைவா முடியும், நல்ல மாக்ஸ் வரும், பைண்ட் பண்ணின புத்தகம் அலுமாரிக்குப் போகும், டேற்றா அந்தப் பிள்ளையின்ர லப்ரொப்போட மெல்பேர்னுக்கோ நோர்வேக்கோ போகும். அடுத்த பச் வந்து அதே சந்தியில முதல்ல இருந்து எண்ணும். எனக்கு உண்மையா வயிறு எரியிற இடம் இதுதான்.

அமெரிக்காவில இதுக்கு ஒரு வழி வைச்சிருக்கினம். 1987 இல ஒரு சட்டத்தோட, சமஷ்டிப் பிராந்தியம் ஒண்டுக்கு ஒண்டா பத்து பல்கலைக்கழகப் போக்குவரத்து மையங்களைத் தொடங்கினவை, இப்ப அது பெருத்து 2023 இல மட்டும் 34 மையங்களுக்கு 435 மில்லியன் டொலர் அறிவிச்சவை. காசின்ர அளவை விடுங்கோ, அது எங்களுக்குச் சரிவராது. அதின்ர அமைப்பைப் பாருங்கோ. ஆராய்ச்சி, படிப்பிக்கிறது, வேலைக்கு ஆக்களைத் தயார்படுத்திறது, கண்டுபிடிச்சதை றோட்டுக்குக் கொண்டுபோறது எல்லாம் ஒரே மையத்தின்ர பொறுப்பு. அரசாங்கம் குடுக்கிற காசோட வெளியில இருந்தும் ஒரு பங்கு காசு கொண்டுவரோணும், அதால மாநில வீதித் திணைக்களங்கள் உள்ளுக்க வந்திடுவினம், தங்கட காசு போனபடியா முடிவையும் கேட்டு வாங்குவினம். றிப்போட்டை எல்லாரும் எடுக்கிற மாதிரி வெளியிடோணும். மேற்படிப்புக்கு ஐசனாவர் பெயரில புலமைப்பரிசில் இருக்கு, பள்ளிக்கூடப் பிள்ளையளுக்குக்கூட லீவுக்க போக்குவரத்து முகாம் நடத்துகினம். இஞ்சயும் ஒண்டும் இல்லாம இல்ல, மொறட்டுவவில போக்குவரத்துக்கும் லொஜிஸ்ரிக்ஸுக்கும் தனிப் பட்டப்படிப்பே இருக்கு, அதில படிச்சவை துறைமுகம் விமானசேவை எண்டு நல்ல இடங்களில இருக்கினம். எங்கட ஏஎல் பிள்ளையளில எத்தினை பேருக்கு அப்பிடி ஒரு படிப்பு இருக்கெண்டு தெரியும்? கிளிநொச்சியில பொறியியல் பீடம், பம்பைமடுவில 2021 இல தனிப் பல்கலைக்கழகமா மாறின வவுனியா பல்கலைக்கழகம், ரெண்டும் வன்னி மண்ணிலதான். ஒண்டில அளக்கத் தெரிஞ்சவை இருக்கினம், மற்றதில வணிகமும் கணினியும் படிக்கிறவை இருக்கினம். சேந்து நிண்டா வடக்கின்ர பஸ் நேர அட்டவணை முழுக்க ஒரு இடத்தில, வருசம் தவறாம திருத்தி வைச்சிருக்கலாம். அது பெரிய காசு முடியிற வேலை இல்ல.

வேலை விசயத்தில அம்மா அப்பாக்களுக்கும் ஒண்டு சொல்லோணும். றோட்டுப் போடுற வேலை திட்டம் வந்தா இருக்கும், திட்டம் முடிஞ்சா இல்ல. பஸ்ஸை எந்த நேரம் எந்த ஊருக்கு விடுறது, நெல்லையும் மீனையும் பழுதாகாமக் கொழும்புக்கு எப்பிடி அனுப்புறது, கடவையளை எப்பிடிக் காவல் காக்கிறது எண்ட வேலை முடியவே முடியாது. அந்த மலையகப் பிள்ளை இப்ப ஒரு லொஜிஸ்ரிக்ஸ் கொம்பனியில ரூட் திட்டமிடுறவளா இருக்கிறாள். போனமுறை கதைக்கேக்க, லொறியில எவ்வளவு சாமான் போகுது எண்டு பாக்காம எத்தினை லொறி போகுது எண்டு மட்டும் அங்க எண்ணினவை, அதை மாத்தினது தான்தான் எண்டு சந்தோசமாச் சொன்னவள்.

அடுத்த பச்சுக்குக் குடுக்கிற கேள்விக்கொத்தில ஒரு பக்கம் கூட்டியிருக்கிறம். போன மாசம் போகவேண்டி இருந்தும் போகாம விட்ட இடம் எது, ஏன் விட்டனீங்கள், பஸ் இருந்திருந்தா எத்தினை மணிக்கு இருந்திருக்கோணும். முதல்ல ஒட்டுசுட்டான் பக்கம், பிறகு துணுக்காய், மாந்தை கிழக்கு. போமை ஆரும் எடுத்துப் பாவிக்கலாம். உள் ஊர்களில பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகுதான் ஆக்கள் வீட்டில இருப்பினம், அந்த நேரத்துக்குப் பிறகு பிள்ளையள் திரும்பி வர பஸ் இல்ல, அதால ரெண்டு மூண்டு இரவு பெட்டைப் பிள்ளையள் தங்கிற மாதிரி பாதுகாப்பான வீடு தரக்கூடியவை அந்தப் பக்கம் இருந்தா சொல்லுங்கோ.