ஹேங்கர் வாசலில் ஒரு கப் தண்ணீர்

நவம்பர் மழை மூன்று நாள் விடாமல் கொட்டி ஓய்ந்திருந்தது. மீனம்பாக்கத்தில் நான் விமானப் பராமரிப்புப் பயிற்சியில் இருந்த ஹேங்கரில் (விமானக் கொட்டகை) இடமில்லாததால், 100 மணி நேரம் பறந்ததும் செய்யும் ஆய்வுக்கு வந்த செஸ்னா 172எஸ் என்ற சின்ன விமானம் அத்தனை நாளும் வெளியேதான் நனைந்தது.

முதல் வேலை எரிபொருளை வடித்துப் பார்ப்பது. இந்த மாடலில் ஒவ்வொரு இறக்கைக்கும் அடியில் ஐந்து, வயிற்றுப் பகுதியில் மூன்று என மொத்தம் 13 இடங்களில் வடிக்க வேண்டும். வலது இறக்கையில் முதல் வால்வை அழுத்திக் கண்ணாடிக் கப்பில் பிடித்தேன். மழை விட்ட வானம் பளிச்சென்று இருந்தது. கப்பைத் தூக்கிப் பார்த்தால் அழகான வெளிர் நீலம். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகக் கோடு தெரியும் என்று படித்திருந்தேன். கோடு இல்லை. "சுத்தமா இருக்கு சார்" என்றேன்.

என் சீனியர் இன்ஜினியர் பக்கத்தில் வந்து, "என் சட்டைக்கு முன்னால வச்சுப் பாரு தம்பி" என்றார். அவர் போட்டிருந்தது வெள்ளைச் சட்டை. நீலம் மாயமானது! 100எல்எல் என்கிற விமானப் பெட்ரோலில் நீலச் சாயம் கலந்திருக்கும். நான் பார்த்த நீலமோ வானத்துடையது. கப் முழுக்கவே தண்ணீர் என்றால் கோடு எங்கிருந்து தெரியும்? ஒரு சொட்டைப் புறங்கையில் விட்டுப் பார்த்தேன். பெட்ரோலாக இருந்தால் சில்லென்று உடனே பறந்திருக்கும். இது அப்படியே உட்கார்ந்திருந்தது.

ஏணி போட்டு மேலே ஏறினோம். டேங்க் மூடியில் தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் வெயிலில் காய்ந்து, நகத்தால் தொட்டாலே வெடிப்பு தெரிந்தது. ரிங்கை மாற்றினோம். இறக்கை நுனியைப் பிடித்து மெல்ல ஆட்டி, கொஞ்ச நேரம் விட்டு மறுபடி வடித்தோம். ஆட்டினால்தான் மூலையில் தேங்கிய தண்ணீர் வால்வுப் பக்கம் வரும். வடிப்பது, ஆட்டுவது, காத்திருப்பது என்று மதியமே ஆகிவிட்டது. எல்லா இடத்திலும் சுத்தமாக வந்த பிறகும், எரிபொருள் வடிகட்டியைக் கழற்றித் துடைத்துவிட்டுத்தான் இன்ஜினை ஓட்ட விட்டார்.

சூடு ஆறுவதற்குள் கம்ப்ரஷன் சோதனை. சிலிண்டருக்குள் 80 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்றைக் கொடுத்து, எவ்வளவு நிற்கிறது என்று மீட்டரில் படிக்க வேண்டும். ப்ரொபெல்லரைப் பிடித்திருப்பவர் அசந்தால் அது திடீரென்று சுழன்று கையை வாங்கிவிடும். அன்று நான்தான் பிடித்தேன், தோள் இரண்டு நாள் வலித்தது.

நான்கில் மூன்று சிலிண்டர்கள் 70க்கு மேல் நின்றன. மூன்றாம் எண் மட்டும் 62. "எங்க கசியுதுன்னு காதை வச்சுக் கேளு" என்றார். எண்ணெய் ஊற்றும் குழாயில் சீறினால் பிஸ்டன் ரிங், புகைக்குழாயில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. சத்தம் புகைக்குழாயில்தான். நேரே சிலிண்டரைக் கழற்றப் போகிறோம் என்று பயந்தேன். அவர் வால்வுகளுக்கு மேலிருக்கும் ராக்கர் மூடியைத் திறந்து, வால்வுத் தண்டின் நுனியில் ஃபைபர் கட்டையை வைத்து லேசாகத் தட்டினார். வால்வு உட்காரும் இடத்தில் ஒட்டியிருந்த கரித்தூள் காற்றோடு வெளியேறியது. மறுபடி ஓட்டி அளந்தபோது 74. போரோஸ்கோப் என்ற குழாய்க் கேமராவை உள்ளே விட்டு வால்வின் விளிம்பையும் பார்த்த பிறகே அடுத்த வேலைக்குப் போனோம்.

எண்ணெய் ஃபில்டரை வெட்டி, உள்ளே இருக்கும் மடிப்புக் காகிதத்தை விரித்துக் காந்தம் வைத்துத் தேடினோம். உலோகத் துகள் எதுவும் இல்லை. எட்டு ஸ்பார்க் பிளக்கில் கீழ் வரிசை நான்கிலும் பெட்ரோலில் இருந்து வந்த ஈயம் குருணை குருணையாக ஒட்டியிருந்தது. சுத்தம் செய்யும்போது ஒன்று என் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. பார்க்க ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும், உள்ளே பீங்கான் விரிசல் விட்டிருந்தால் கண்ணுக்குத் தெரியாது என்பதால், அது நேரே குப்பைக்குப் போனது. மேனேஜர் முறைத்தார், நியாயம்தான்.

புது ஃபில்டர் கழன்றுவிடாமல் இருக்க லாக் வயர் கட்டுவதற்குள் விரலில் இரண்டு இடத்தில் கீறல். 1,800 ஆர்பிஎம்மில் இன்ஜினை ஓட்டி, பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோ சோதனையும் நல்லபடியாக முடிந்தது.

இரவு மறுபடி மழை. காலையில் வெள்ளைத் தாள் ஒன்றை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வலது இறக்கைக்கு அடியில் போய் நின்றேன். தாளுக்கு முன்னால் பிடித்தபோதும் நீலமாகவே இருந்தது. மீதி 12 இடத்தையும் வடித்த பிறகுதான் சாரைக் கூப்பிட்டேன்.