மாருதி 800-க்கு டீசல் கார் டர்போ

கார்புரேட்டர் வண்டிக்கு டர்போ மாட்டியிருக்கிறேன் என்று தெரிந்ததும் எல்லோரும் டர்போவைத்தான் பார்க்க வருகிறார்கள். (கார்புரேட்டர் என்பது பெட்ரோலைக் காற்றோடு கலந்து தருவது, டர்போ என்பது எஞ்சின் புகையில் சுழன்று காற்றை அழுத்தி ஊதுவது.) எனக்கு அதை மாட்ட ஆனது இரண்டு ஞாயிற்றுக்கிழமை. மீதி ஏழு மாதமும் கார்புரேட்டருக்குள் பெட்ரோலைப் போக வைப்பதிலேயே போனது.

வண்டி, அப்பா ஓட்டிய பழைய மாருதி 800. 796 சிசி, மூன்று சிலிண்டர், நாற்பது குதிரைத்திறனைத் தொடாத எஞ்சின். இதே குடும்பத்து 543 சிசி எஞ்சினில் டர்போ வைத்து, ஆல்டோ வொர்க்ஸ் என்ற பெயரில் 64 குதிரைத்திறனோடு 1987-லேயே ஜப்பானில் சுசூகி விற்றிருக்கிறது. அவர்களுக்கு முடிந்தது நமக்கு முடியாதா என்று ஆரம்பித்தேன். அது இன்ஜெக்‌ஷன் வண்டி, கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை என்பதை வசதியாக மறந்துவிட்டேன்.

டர்போ கிடைத்தது உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில். 1.3 லிட்டர் டீசல் கார்களில் வரும் கேபி35, கைக்குள் அடங்கும் சின்ன உருப்படி. ஷாஃப்ட்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் லேசாக ஆடும், அது சகஜம். முன்னும் பின்னும் ஆடினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். எஞ்சின் புகையை டர்போவுக்குக் கொண்டுவரும் மேனிஃபோல்டுக்காக 10 மில்லி பிளேட்டில் ஃபிளாஞ்ச் என்ற இணைப்புத் தகடு வெட்டித் தந்த லேத் அண்ணன், எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏந்தம்பி, பேசாம ஒரு ஸ்விஃப்ட்டே வாங்கிக்கலாமில்லீங்க?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

ஆயில் பிரஷர் சுவிட்ச் இருக்கும் இடத்தில் ஒரு டீ (மூன்று வாய்க் குழாய்) போட்டு டர்போவுக்கு ஆயில் எடுத்தோம். திரும்பி வரும் குழாய்தான் முக்கியம். தடிமனாக இருக்க வேண்டும், எங்கேயும் மேலேறாமல் நேராக எஞ்சின் அடியில் ஆயில் நிற்கும் சம்ப்புக்கு இறங்க வேண்டும். இல்லையென்றால் ஆயில் தேங்கி, சீலைத் தாண்டி, சைலன்சரில் கொசு மருந்து வண்டி மாதிரி புகை வரும்.

சரி, இப்போது கார்புரேட்டர். இரண்டு வழி உண்டு. கார்புரேட்டரை டர்போவுக்கு முன்னால் வைத்து, காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையையே டர்போ உறிஞ்சும்படி செய்யலாம். 1962-ல் அமெரிக்காவில் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயரும் செவர்லே கோர்வேர் ஸ்பைடரும் அப்படித்தான். கார்புரேட்டரில் பெரிதாகக் கை வைக்க வேண்டாம், ஆனால் நடுவில் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வைக்க வழியில்லை, நீளமான குழாய் முழுக்கப் பெட்ரோல் ஆவியாக நிற்கும், டர்போவுக்கும் வேறு மாதிரி சீல் வேண்டும். இன்னொரு வழி, டர்போவை முன்னால் வைத்து அழுத்தக் காற்றை கார்புரேட்டருக்குள் ஊதுவது. 1985-ல் வந்த ரெனோ 5 ஜிடி டர்போ இப்படித்தான், 1397 சிசியில் 115 குதிரைத்திறன், ஒரே ஒரு சோலெக்ஸ் கார்புரேட்டர். நானும் இதையே எடுத்தேன். கார்புரேட்டர் தலையில் அலுமினியத்தில் ஒரு தொப்பி செய்து மாட்டியாயிற்று.

முதல் ஓட்டம், மாமா தோட்டத்துக்குள் போகும் முக்கால் கிலோமீட்டர் தடத்தில். இரண்டாவது கியரில் மிதித்தேன், விசில் சத்தம் வந்தது, சிரிப்பும் வந்தது, டர்போ அழுத்த மீட்டரில் 3 பிஎஸ்ஐ தொட்டதும் யாரோ சாவியைத் திருப்பியது போல எஞ்சின் படுத்துவிட்டது. காலை எடுத்தால் உயிர் வருகிறது, மிதித்தால் போகிறது. ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளை) பத்தவில்லை என்று மெக்கானிக் சொல்ல, மூன்று முறை ஜெட் மாற்றினோம். ஒரு மண்ணும் மாறவில்லை.

விஷயம் எளிமையானது, அதைப் பிடிக்கத்தான் இரண்டு மாதம் ஆனது. கம்பெனி மெக்கானிக்கல் பம்ப் பெட்ரோலைத் தள்ளும் அழுத்தமே 3, 4 பிஎஸ்ஐதான். டர்போ ஊதும்போது, கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கி நிற்கும் ஃப்ளோட் சேம்பருக்குள்ளும் அதே அளவு அழுத்தம் ஏறிவிடுகிறது, அப்புறம் பெட்ரோல் எப்படி உள்ளே வரும்? வராது. சேம்பரில் மிச்சம் இருந்தது தீர்ந்ததும் எஞ்சின் நின்றுவிடும். ஆக எலெக்ட்ரிக் பம்ப் வேண்டும், கூடவே டர்போ அழுத்தம் எவ்வளவு ஏறுகிறதோ அதே அளவு பெட்ரோல் அழுத்தத்தையும் ஏற்றிக்கொடுக்கும் ரெகுலேட்டர் வேண்டும். பூஸ்ட், அதாவது டர்போ ஊதும் அழுத்தம், 5 என்றால் பெட்ரோல் 9. எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும்படி ஆயில் பிரஷர் சுவிட்ச் வழியாக ஒயர் போட்டேன், ஹோஸ் பிய்ந்தால் சூடான டர்போ மேல்தான் பெட்ரோல் அடிக்கும். முன் சீட்டுக்குக் கீழே ஒரு தீயணைப்பான் நிரந்தரமாக இருக்கிறது.

(வீட்டில் போனில் "பூஸ்ட் பத்தல" என்று பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு அம்மா டம்ளரில் இன்னொரு ஸ்பூன் போட்டுக் கொண்டுவந்தது தனிக் கதை.)

அதற்கப்புறம்தான் ஜெட் பிரச்சினையே உண்மையில் வந்தது. காற்றின் அடர்த்தி கூடும் அளவுக்கு கார்புரேட்டர் பெட்ரோலைக் கூட்டித் தராது, அடர்த்தியின் வர்க்கமூலம் அளவுக்குத்தான் தரும். 5 பிஎஸ்ஐயில் காற்று சுமார் 1.34 மடங்கு, பெட்ரோல் 1.16 மடங்குதான். டர்போ இல்லாதபோது சரியாக இருந்த கலவை, டர்போ ஊதும்போது லீன் ஆகிறது, அதாவது பெட்ரோல் பத்தாமல் போகிறது, லீனாக ஓடினால் பிஸ்டன் ஓட்டைதான். காற்று-பெட்ரோல் விகிதம் காட்டும் ஏஎஃப்ஆர் மீட்டர் இல்லாமல் பிளக் நிறத்தைப் பார்த்தே டியூன் செய்துவிடலாம் என்பவர்களை நம்பாதீர்கள், நானும் முதலில் அப்படித்தான் பேசித் திரிந்தேன். பூஸ்டில் அந்த விகிதம் 12-க்குக் கீழே வரும் வரை மெயின் ஜெட்டைப் பெரிதாக்கினேன், இப்போது சாதாரணமாக ஓட்டும்போது கொஞ்சம் ரிச்தான் (பெட்ரோல் அதிகம்), மைலேஜ் பற்றிக் கேட்காதீர்கள். பிளக் தீப்பொறி விடும் டைமிங்கை ஒரு பிஎஸ்ஐக்கு ஒரு டிகிரி என்ற கணக்கில் பின்னால் இழுத்திருக்கிறேன்.

இன்னொரு சிக்கல், டர்போவோடு வந்த வேஸ்ட்கேட் ஆக்சுவேட்டர், பூஸ்ட் அளவு மீறாமல் புகையை வேறு வழியில் திறந்துவிடுவது. அது டீசலுக்கான ஸ்பிரிங், அப்படியே விட்டால் 5 பிஎஸ்ஐயில் எங்கே திறக்கப்போகிறது? மெல்லிய ஸ்பிரிங் உள்ளதாகத் தேடி மாற்றினேன். டீசலை விட பெட்ரோல் புகைக்குச் சூடு அதிகம் என்பதால் நீண்ட நேரம் முழுசாக மிதிப்பதும் இல்லை.

ரோட்டில் ஓட்டுவதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு ஆர்சியில் இருப்பதற்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது, அதனால் தோட்டத்துத் தடம்தான்.

இப்போதைக்கு மிச்சம் ஒன்று. பூஸ்ட் ஏறும்போது கார்புரேட்டரில் காற்றைத் திறந்து மூடும் தட்டின் அச்சான த்ராட்டில் ஸ்பிண்டில் இரண்டு முனையிலும் பெட்ரோல் ஈரம் கசிகிறது, உள்ளே உறிஞ்சுவதற்காகச் செய்த துளை, வெளியே தள்ளினால் என்ன செய்யும் பாவம். ஓ-ரிங் வைக்கப் பள்ளம் எடுக்க வேண்டும். கார்புரேட்டர் பாடியோடு வருகிறேன் என்று லேத் அண்ணனுக்கு போன் செய்தேன், ஸ்விஃப்ட் விலையை அவரே விசாரித்து வைத்திருந்தார்.