நகத்தளவு படலம், நாலு வெள்ளிப் பொட்டு

மார்ச் 4

வை.பி.சி.ஓ. படலம் (இட்ரியம், பேரியம், காப்பர், ஆக்சிஜன் சேர்ந்த மீக்கடத்தி; போதிய குளிரில் மின்தடையே இருக்காது), மேலே கரண்ட் ஏற்றவும் வோல்டேஜ் அளக்கவும் நாலு தங்கப் பொட்டு காண்டாக்ட். சாம்பிள் குளிர்ந்து, லிக்விட் நைட்ரஜன் கொதித்து அடங்கிவிட்டது. 100 மில்லியாம்ப் ஏற்றினேன். ஒரு மூலையிலிருந்து மட்டும் சரம் சரமாகக் குமிழி. கரண்ட்டை நிறுத்தினால் நிற்கிறது, ஏற்றினால் மறுபடி கிளம்புகிறது. அந்தக் காண்டாக்ட்டை அளந்தால் 38 ஓம்! ஒரு மில்லிமீட்டர் சதுரப் பொட்டில் 0.38 வாட் அடுப்பு.

நாலு முனை வைத்து (இரண்டில் கரண்ட், மற்ற இரண்டில் வோல்டேஜ்) அளக்கிறோம், காண்டாக்ட் தடை கணக்கில் வராது என்று மெத்தனமாக இருந்துவிட்டேன். வோல்டேஜில் வராதுதான். சூடு வருமே. வை.பி.சி.ஓ. மீக்கடத்தியாவது 92 கெல்வின் பக்கம், நைட்ரஜன் 77. கைவசம் 15 டிகிரிதான். போன வாரம் எடுத்த உச்ச மின்னோட்டக் கணக்கெல்லாம் (மீக்கடத்தல் கெடாமல் படலம் தாங்கும் அதிகபட்சக் கரண்ட்) குப்பைக்கு.

மார்ச் 5

"தங்கத்துக்கு அடியில என்ன போட்ட?" என்றார் சீனியர் அண்ணன். க்ரோமியம். சிலிக்கானில் பழகிய கை, நன்றாக ஒட்டுமே என்று போட்டது.

"ஏன் ஒட்டுதுன்னு யோசிச்சியா? ஆக்சிஜனைப் பிடிச்சுக்குது, அதான்."

சுருக்கென்றது. இந்தப் படலத்துக்கு உயிரே ஆக்சிஜன்தான். ஃபார்முலாவில் ஆக்சிஜன் எண்ணிக்கை 7-ஐ ஒட்டி இருக்கவேண்டியது 6.4-க்கு இறங்கினால் மீக்கடத்தல் போயே போச்சு. க்ரோமியம் அதைத் திருடி, தானும் ஆக்சைடாகி, நடுவில் சுவர் எழுப்பிவிட்டது.

மார்ச் 9

இன்று தங்கமும் க்ரோமியமும் வேண்டாம், வெள்ளி உலோகம். அது ஆக்சிஜனைத் திருடாது, சூட்டில் தன் வழியே உள்ளே போகவும் விடும். படலம் காற்றில் கிடந்தாலும் வம்பு: ஈரமும் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து மேலே பேரியம் கார்பனேட் தோல் படிந்துவிடும். ஆர்கான் அயனியால் ஒரு நிமிடம் அந்தத் தோலைச் சுரண்டி, வாக்குவத்தை உடைக்காமலே 200 நானோமீட்டர் வெள்ளி. காண்டாக்ட் தடை 1.2 ஓம். பரவாயில்லை, ஆனால் போதாது.

மார்ச் 10

தடையை இன்னும் குறைக்க, ஆக்சிஜன் ஓட்டத்தில் 500 டிகிரி செல்சியஸ், ஒரு மணி நேரம். எடுத்துப் பார்த்தால் பொட்டெல்லாம் பால் நிறம். மைக்ரோஸ்கோப்பில் வாழை இலையில் தெளித்த தண்ணீர் மாதிரி வெள்ளி உருண்டு உருண்டு நிற்கிறது. மெல்லிசாகப் போட்டது என் தப்பு.

மார்ச் 12

புது சாம்பிள், 600 நானோமீட்டர், 450 டிகிரி, நிதானமாக ஆறவிட்டேன். 2 மில்லிஓம்! பரப்பால் பெருக்கினால் 2×10⁻⁵ ஓம் சதுர சென்டிமீட்டர். அமெரிக்காவின் போல்டரில் எகின் குழு 1988-லேயே 10⁻¹⁰ வரிசையைத் தொட்டுவிட்டது. எனக்கு இன்னும் ஐந்து சைபர் பாக்கி.

குமிழி இல்லை. வோல்டேஜ் முனை ஒன்றில் ஒயர் பிடுங்கிக்கொண்டது, நாளை பார்க்கணும்.