35ஆ, 22ஆ? அம்மாவின் கிட்னிக் கணக்கு

அம்மாவுக்குச் சர்க்கரை வருத்தம் கனகாலமாக இருக்கிறது. கிட்னியும் பழுதாகத் தொடங்கிவிட்டது என்று தெரிந்த பிறகு, ரிப்போர்ட் வந்தால் வீட்டில் எல்லோரும் தேடுவது கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினினைத்தான். ஒருமுறை அது 1.6இலிருந்து 141க்கு ஏறிவிட்டது என்று அக்கா அழுதுகொண்டு போன் எடுத்தா. ஒன்றும் ஏறவில்லை. முதல் லேப் மில்லிகிராமில் போட்டிருந்தது, மற்றது மைக்ரோமோலில். 1.6ஐ 88.4ஆல் பெருக்கினால் 141தான் வரும். இங்கே இலங்கையில் இரண்டு அலகுமே புழங்குகின்றன. எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் பொடி எழுத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

அந்த 141ஐயும் அம்மாவின் வயது 67ஐயும் வைத்து, கிட்னி வேலை செய்யும் அளவு, அதாவது நிமிடத்துக்கு எத்தனை மில்லிலீற்றர் இரத்தத்தைச் சுத்தப்படுத்துகிறது என்பது, 35 என்று வந்தது. 30க்கும் 44க்கும் இடையில் என்றால் கிட்னி நோயின் மூன்றாம் நிலையின் பின்பாதி. ஆனால் அம்மாவின் பாடு வேறு மாதிரி இருந்தது. இரவெல்லாம் முதுகைச் சொறிவா. மீன் பொரிக்கும் மணம் வந்தாலே எழும்பி வெளியே போய்விடுவா. எங்களுக்குத் தெரிந்த மாமா ஒருவருக்கும் அதே 35தான். அவர் விடிய முன்னம் உப்புவெளியில் கரைவலை இழுக்கப் போகிறார்!

கிளினிக்கில் டொக்டரிடம் இதையே கேட்டேன். அவ ரிப்போர்ட்டைப் பார்க்கவில்லை. "கையைக் காட்டுங்க அம்மா" என்று சொல்லி, மேற்கையைப் பிடித்துப் பார்த்தா. பிறகுதான் விளக்கம். கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. 42 கிலோ இருக்கிற அம்மாவிடம் தசையே கொஞ்சம், அதனால் கழிவும் குறைவாகத்தான் உண்டாகும், இரத்தத்தில் எண் நல்லதாகத் தெரியும். போதாக்குறைக்கு அந்த 35, உடல் பரப்பு 1.73 சதுர மீற்றர் உள்ள ஆளுக்கு என்று சரிக்கட்டிய கணக்கு. அம்மாவின் பரப்பு 1.3தான் இருக்கும்.

சரி, சொறிச்சல்? அதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம் என்று இரத்தத்தில் பொஸ்பரசும் பார்க்க எழுதினா. ஆனால் எனக்குப் புதிதாக இருந்தது அடுத்துச் சொன்னதுதான். கிட்னி வடிகட்டுவது மட்டும் இல்லை. இண்டொக்சில் சல்பேற், பி-கிரெசில் சல்பேற் மாதிரியான நச்சுகள், நாம் சாப்பிடும் புரதத்தைக் குடல் பக்டீரியாக்கள் உடைக்கும்போது தொடங்குபவை. இரத்தத்தில் அல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டு திரிவதால் வடிகட்டியில் இலேசாகப் போகாது. கிட்னியின் நுண்குழாய்கள் அவற்றை இழுத்து வெளியே தள்ள வேண்டும். அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதை 35 என்ற எண் சரியாகச் சொல்லாது. ஒரே எண் உள்ள இரண்டு பேரிடம் நச்சு அளவு நன்றாக வேறுபடலாம். சாதாரண லேப்களில் இவற்றை அளப்பதும் இல்லை. 2003இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் இப்படித் தேங்கும் பொருள்களில் 90ஐப் பட்டியலிட்டார்கள். நாங்கள் பார்ப்பது யூரியாவையும் கிரியாட்டினினையும்.

மலச்சிக்கல் இருக்கிறதா என்று டொக்டர் துருவித் துருவிக் கேட்டதன் காரணம் அப்போதுதான் விளங்கியது: அந்த நச்சுகள் தொடங்குவதே குடலில்தானே. அம்மாவுக்கு இருந்தது, வெட்கத்தில் சொல்லவில்லை.

அப்புறம், கிட்னி வேலை செய்யும் அளவை அம்மாவின் சிறுநீரிலிருந்தே கணக்கிட, 24 மணித்தியாலச் சிறுநீர்ச் சேகரிப்பு. செய்யப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: காலை எழும்பியதும் முதல் போவதைச் சேர்க்கக் கூடாது, ஊற்றிவிட்டு நேரத்தைக் குறிக்க வேண்டும். அதற்குப் பிறகு ஒரு துளி விடாமல், மறுநாள் அதே நேரத்தில் போவது வரை கானுக்குள் வர வேண்டும். ஒரு தடவை தவறினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். வெள்ளிக்கிழமை வேண்டாம், காளி கோயிலுக்குப் போக வேண்டும் என்றா அம்மா. மறுநாள் போயா விடுமுறை, லேப் பூட்டு என்றால் அதுவும் சரிவராது. கானைக் குளிராக வைக்கச் சொல்லியிருந்தார்கள். பிரிட்ஜில் வைக்க அம்மா விடவே இல்லை, "தயிர்ச் சட்டிக்குப் பக்கத்திலயா?" என்று ஒரே சத்தம். கடைசியில் மீன்காரத் தம்பியிடம் ஒரு ரெஜிபோம் பெட்டியும் ஐஸும் வாங்கிக் குளியலறை வாசலில் வைத்தோம். முதல் நாள் இரவு இறைச்சி சமைக்கவில்லை. சமைத்த இறைச்சி இரத்தத்தில் கிரியாட்டினினைக் கொஞ்ச நேரத்துக்கு உயர்த்தும். கானைக் கொடுத்த அன்றே இரத்தமும் எடுத்தார்கள்.

ஒரு நாள் சிறுநீரில் மொத்தம் 500 மில்லிகிராம் கிரியாட்டினின். இரத்தத்தில் 100 மில்லிலீற்றருக்கு 1.6. அப்படியென்றால் ஒரு நாளில் சுத்தமான இரத்தம் 31,250 மில்லிலீற்றர். அதை 1,440 நிமிடத்தால் பிரித்தால் கிட்டத்தட்ட 22. இந்த முறையும் உண்மை அளவைவிடச் சற்றுக் கூட்டித்தான் காட்டுமாம், நுண்குழாய்களும் கொஞ்சம் கிரியாட்டினினைத் தள்ளுவதால்.

அந்த 22ஐப் பார்த்து டொக்டர், சர்க்கரைக்குக் குடித்த மெட்போர்மினை நிற்பாட்டி வேறு மருந்து தந்தா. மலச்சிக்கலுக்கும் மருந்து எழுதினா. சொறிச்சல் முற்றாகப் போகவில்லை, ஆனால் அம்மா இப்போது இரவில் கொஞ்சம் தூங்குறா. பார்மசிக்குப் போனால் நாங்கள் முதலில் சொல்வது அந்த 22ஐத்தான். முழங்கால் வலிக்கு டைக்ளோபினாக் தரட்டா என்று கேட்டால், கிட்னிக்குக் கூடாது, வேண்டாம் என்றுவிடுகிறோம்.