கொடியோடு ஒட்டியிருப்பது

போன மாதம் கம்பம் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தேன். பன்னீர் திராட்சைத் தோட்டத்தில் கவாத்து நடந்துகொண்டிருந்தது. காலையில் வெட்டிப்போட்ட கிளை ஒன்றை எடுத்துப் பார்த்தேன், இலை பச்சையாகத்தான் இருந்தது. மத்தியானம் அதே இடத்துக்கு வந்தபோது ஓரமெல்லாம் சுருண்டு, தொட்டால் துவண்டது.

பைபிளில் யோவான் 15-ஆம் அதிகாரத்தில் இயேசு தம்மைத் திராட்சைக் கொடியாகவும் நம்மைக் கிளைகளாகவும் சொல்லி, "என்னில் நிலைத்திருங்கள்" என்று சொன்னதை ஞாயிறு பள்ளி நாளிலிருந்தே மனப்பாடமாகச் சொல்லி வருகிறேன், ஆனால் அன்றைக்குத்தான் அது உள்ளே இறங்கியது. ஞாயிறு ஆராதனை, ராத்திரி ஒரு ஜெபம், நடுவில் நாள் முழுக்க நான் மட்டும்தான்! பச்சை தெரிகிறதே என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

17-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் கார்மேல் சபை மடத்தின் சமையற்கட்டில் வேலை பார்த்த சகோதரர் லாரன்ஸ், பாத்திரச் சத்தத்துக்கு நடுவிலும் முழங்காலில் நிற்பதுபோலவே கடவுளோடு இருந்தார். அது எனக்குப் பெரிய ஆறுதல். அடுப்படியும் ஆலயம்தான் என்றால் நமக்கும் வழி இருக்கிறதே.

சரி, இப்போது என்ன செய்கிறேன்? பெரிதாக ஒன்றுமில்லை. பால் பொங்கக் காத்திருக்கும் அந்த இரண்டு நிமிடத்தில் "ஆண்டவரே, கூட இரும்" என்கிறேன். பிள்ளைமேல் கோபம் வரும்போது, வாயைத் திறப்பதற்கு முன்னால், அதே வார்த்தை. சில நாள் மறந்துபோகிறது, அப்புறம் பாத்திரம் தேய்க்கும்போது ஞாபகம் வரும், அங்கேயே கையில் சோப்போடு மறுபடியும் பேச ஆரம்பிக்கிறேன்.