மகனைத் தெரிந்துகொள்ள வந்த அம்மாக்கள்

எண்பதுகளின் கடைசியில் நியூயார்க்கில் ஒரு மருத்துவமனையின் எய்ட்ஸ் வார்டில் நர்ஸாக இருந்தேன். படுக்கைகளில் பெரும்பாலும் இளம் ஆண்கள். ஒஹையோ, டென்னசி என்று தூரத்து ஊர்களிலிருந்து அவர்களுடைய அம்மாக்கள் வந்து இறங்குவார்கள். மகன் ஆண்களை விரும்புகிறவன் என்பதும், அவன் பிழைப்பது கஷ்டம் என்பதும் பலருக்கு ஒரே ஃபோனில் தெரிந்திருக்கும். முதல் செய்தி மனதில் இறங்கவே ஒரு தாய்க்கு வருடங்கள் ஆகலாம். இவர்களுக்குச் சில வாரங்கள்கூட இல்லை.

வந்ததும் தாழ்ந்த குரலில் கேட்பார்கள்: "ஊரில் புற்றுநோய் என்று சொல்லியிருக்கிறேன். யாராவது ஃபோன் செய்தால் அப்படியே சொல்வீர்களா?" 'நாலு பேர் என்ன சொல்வாங்க' என்பதைக் கேட்டே வளர்ந்தவள் நான். அந்தப் பயம் புரிந்தது. எனக்குக் கோபம் வந்ததெல்லாம் கடைசிவரை வராதவர்கள் மேல்தான்.

ஓர் அம்மாவை மறக்கவே முடியவில்லை. கையுறை, முகமூடியோடு கதவோரம் உட்கார்ந்திருந்தார். தொட்டால் பரவாது என்று சொன்னோம். தலையாட்டினார், ஆனால் கழற்றவில்லை. கட்டிலின் மறுபக்கம் மகனோடு ஒன்பது வருடம் சேர்ந்து வாழ்ந்த துணைவர். அவர் இருக்கும் பக்கமே அம்மா திரும்பவில்லை. மகனுக்கு வாயெல்லாம் வெள்ளைப் பூஞ்சை, எதையும் விழுங்க முடியாது. அம்மா சூடாக சூப் கொண்டுவந்தார், ஒரு வாய்கூட இறங்கவில்லை. துணைவர் அதை வாங்கி நன்றாக ஆறவைத்து, ஸ்ட்ராவை வாயின் இடது ஓரம் வைத்தார். பாதிக் கிண்ணம் உள்ளே போனது. அப்போதுதான் அம்மா அவரிடம் முதல் வார்த்தை பேசினார்: "வேறென்ன சாப்பிடுவான்?"

அந்தக் கேள்வியில்தான் எல்லாம் தொடங்கும் என்பதைப் பல குடும்பங்களில் பார்த்தேன். வீட்டைவிட்டுப் போன பிறகு மகன் வாழ்ந்த வாழ்க்கை முழுவதும் அந்த இன்னொரு மனிதரிடம்தான் இருந்தது. அவரை ஒதுக்கிவிட்டு மகனை மட்டும் ஏற்றுக்கொள்ள வழியே இல்லை.

1987ல் வந்த எய்ட்ஸ் மருந்தான ஏ.இசட்.டி. மாத்திரையை அப்போது நான்கு மணிக்கொரு முறை, ராத்திரியிலும் எழுந்து விழுங்க வேண்டும். டப்பாவிலேயே அலாரம் அடிக்கும். சூப் கொண்டுவந்த அந்த அம்மாவின் மகனை டிஸ்சார்ஜ் செய்தபோது அம்மாவும் கூடவே அவர்கள் வீட்டுக்குப் போனார். அடுத்த முறை கிளினிக்குக்கு வந்தபோது ராத்திரி அலாரம் அம்மாவின் பொறுப்பாகியிருந்தது. "இவன் காலையில் வேலைக்குப் போக வேண்டாமா? தூங்கட்டும்" என்று துணைவரைக் காட்டிச் சொன்னார்.

இதில் பாசம் மட்டும் இல்லை, சட்டமும் இருந்தது. அந்தத் துணைவர்களுக்கு உறவு என்று காட்ட ஒரு காகிதமும் கிடையாது. பெற்றோர் நினைத்தால் அறைக்குள்ளேயே விடாமல் செய்யலாம். வீடு இறந்தவர் பெயரில் இருந்தால் தெருவுக்கு வர வேண்டியதுதான். வாடகைக் கட்டுப்பாட்டு வீடுகளில் அப்படிப்பட்ட துணையும் குடும்பமே என்று நியூயார்க்கின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 1989ல்தான், பிராஷி வழக்கில் சொன்னது. அதுவரை ஓர் அம்மாவின் மனதுதான் அவர்களுக்குச் சட்டம்.

எங்களால் சமாதானப்படுத்த முடியாத அம்மாக்களுக்கு, தன்பால் ஈர்ப்புள்ளவர்களின் பெற்றோர்களுக்கான பிஃப்ளாக் அமைப்பின் எண்ணை எழுதிக் கொடுப்போம். குவீன்ஸ் பகுதிப் பள்ளி ஆசிரியை ஜீன் மான்ஃபோர்டு தொடங்கிவைத்தது. 1972ல் ஒரு போராட்டத்தில் மகன் மார்ட்டி அடிபட்டபோது, என் மகன் தன்பால் ஈர்ப்புள்ளவன், அவனை நேசிக்கிறேன் என்று நியூயார்க் போஸ்ட்டுக்குக் கடிதம் எழுதினார். அந்த ஜூனிலேயே மகனோடு தன்பால் ஈர்ப்பாளர்களின் ஊர்வலத்தில் பதாகை பிடித்து நடந்தார். மறுவருடம் கிரீனிச் வில்லேஜில் ஒரு சர்ச்சில் பெற்றோர்களைக் கூட்டினார். 1992ல் மார்ட்டியும் எய்ட்ஸில் இறந்தார்.

நாங்கள் மணிக்கணக்கில் பேசியும் இறங்காதது, இன்னொரு அம்மா ஃபோனில் பேசினால் இறங்கும். மகனை இழந்த சிலர் பிறகு எங்கள் வார்டுக்கே தொண்டர்களாக வந்தார்கள். யாருக்கு வீட்டிலிருந்து யாரும் வரவில்லை என்று கேட்டுக்கொண்டு, நேராக அந்த அறைக்குத்தான் போவார்கள்.